மூன்று மணிச் சீட்டு

அன்புள்ள கண்ணு,

நீ போனில் சொன்னதிலிருந்து அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "உங்க ரத்தம்தானே" என்கிறாள். நல்ல ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவில் நவம்பர் முதல் வாரத்தோடு முடிந்துபோகிற தேர்தல் வேலைக்கு நீ போவதற்கு நான் என்ன செய்ய? முப்பது வருடம் பூத் ஏஜென்டாக உட்கார்ந்ததைத் தவிர வேறு பாவம் அறியேன்.

நீ சொன்ன மார்ஷல் கான்ஸைப் பற்றி, அதான் அமெரிக்காவில் மக்களைத் திரட்டிக் களவேலை பார்த்த அந்த ஆளைப் பற்றித் தேடிப் படித்தேன். முதலில் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஹார்வர்டில் பட்டத்துக்கு ஒரு வருடம் பாக்கி இருக்கும்போது, 1964-ல் தெற்கே மிசிசிப்பி மாநிலத்துக்குக் கிளம்பிவிட்டார், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க. அப்புறம் சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் 16 வருடம். அங்கே முழுநேர ஊழியருக்குச் சாப்பாடும் தங்க இடமும் போக வாரம் 5 டாலர். விட்ட படிப்பை முடித்தது 1992-ல்! அவருடைய அப்பா யூத மதகுரு. அந்த மனிதர் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாரோ.

ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அவர் வளர்ந்தது கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1965-ல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்த டெலானோ பக்கத்து ஊர். மிசிசிப்பியைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சொந்த ஊர்த் தோட்டங்களில் குனிந்து நின்றவர்களே அவர் கண்ணில் பட்டார்களாம்.

1968-ல் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ராபர்ட் கென்னடிக்காக அந்தச் சங்கத்துக்காரர்கள் கலிபோர்னியாவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கென்னடி ஜெயித்தார், அன்று இரவே சுடப்பட்டார். அத்தோடு வெறுத்துப்போய் வீட்டுக்குப் போகாமல் இருந்தார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

சங்கத்தை விட்டபின் கான்ஸும் தேர்தல் ஆலோசகர்தான். 1987-ல், பின்னாளில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரான நான்சி பெலோசியின் முதல் தேர்தலில் களவேலை பார்த்தார். ஆனால் அந்தத் தொழிலையே பிறகு கடிந்தும் எழுதியிருக்கிறார். டி.வி. விளம்பரத்துக்கு ஆகும் பணத்தில் ஆலோசகருக்குக் கமிஷன் போகுமாமே, 15 சதவீதம் வரைக்கும். நிலத் தரகர் விலையைக் குறைக்கவா சொல்வார்? அதைவிட மோசம், கம்ப்யூட்டரில் பட்டியலை அலசி, வழக்கமாக ஓட்டுப் போடுகிறவர் வீட்டுக் கதவை மட்டும் தட்டுவது.

அதைப் படித்ததும் போன தேர்தல் ஞாபகம் வந்தது. ஏதோ கம்பெனி அனுப்பிய இரண்டு பையன்கள் டேப்லெட்டோடு வந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவைக் காட்டி, "அங்க போலிங் கம்மி சார், விட்டுடலாம்" என்றான் ஒருவன். யாரும் போவதில்லை, அதனால் அவர்கள் வருவதில்லை. இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த தெருவைத் தொட்டான். நன்றாகப் படித்த பையன் வேறு.

நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூட பூத்துக்கு எனக்கு டிபன் கொண்டுவருவாய். மூன்று மணிக்கு, அதுவரை வராதவர்களின் வரிசை எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவேன். வெளியே பெஞ்சில் இருக்கும் ஆட்களிடம் அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றால், நீயே வாய்க்கால் தாண்டி ஓடிவிட்டாய் ஒரு தடவை. ஐந்தே முக்காலுக்கு ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். "செருப்பைத் தேடிக்கிட்டே இருந்தாங்கப்பா, அதான் லேட்டு" என்றாய். கிழவி வெறுங்காலோடுதான் நின்றாள். அந்தத் தேர்தலில் நாம் தோற்றோம், அது வேறு விஷயம்.

சரி, மெடிக்கல் இன்சூரன்ஸ் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். யாரோ ஆதரவாளர் வீட்டு அறையில் தங்குவேன் என்றாயே, அந்த முகவரியை அனுப்பு. அம்மா கோபமாக இருக்கிறாள், ஆனால் நேற்றே பருப்புப்பொடி இடித்து வைத்துவிட்டாள்.

அப்பா