மஞ்சள் மாத்திரையும் இருட்டு அறையும்

கிளமெண்டி,
சிங்கப்பூர்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலிக்கு மஞ்சள் மாத்திரை வாங்கலாமா என்று ஃபோனில் கேட்டாய். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு பதில் சொல்கிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம். நாள் முழுக்க ஆய்வகத்து இருட்டு அறையில் என்னதான் செய்கிறாய் என்று கேட்பாயே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

அந்த மாத்திரையில் இருப்பது, சமையல் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின். வெளிச்சம் பட்டால் அது சிதையும். அதற்குத்தான் இருட்டு. புடவையில் பட்ட மஞ்சள் கறையைத் துவைத்து வெயிலில் போட்டு எடுக்கிற உனக்கு இது புதிதில்லை. இங்கே அரசு கட்டிய வீவக அடுக்குமாடியில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கழியில்தான் துணி காய வேண்டும். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் வாழையிலைச் சாப்பாட்டில் கறையான சட்டையை மாட்டினேன்; வெயில் வேலையை முடிப்பதற்குள் மழை. இந்த ஊர் மழைக்கு ஐப்பசி, சித்திரை எல்லாம் ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் ஒரு நானோமீட்டர். அதே வகைக் கொழுப்பில் நுண்ணிய குமிழிகள் செய்து, குர்க்குமினைக் கலந்து, அது என்னவாகிறது என்று ஒளியால் கவனிக்கிறோம். 425 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய ஊதா-நீல ஒளியை அது நன்றாக உறிஞ்சும். சிதையச் சிதைய உறிஞ்சுவது குறையும். கருவியில் கோடு இறங்குவதை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அங்கேயும் உறிஞ்சும் ஒளிதான் மாறுகிறது.

ரத்தத்தின் அளவுக்கே காரத்தன்மையுள்ள வெறும் உப்புக் கரைசலில், 37 டிகிரியில் விட்டால், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடுகிறது. சவ்வின் கொழுப்புக்குள் புகுந்துகொண்டால் அதைவிட வெகுநேரம் தாங்கும். புகுந்ததா என்பதையும் ஒளியே காட்டிக்கொடுக்கும்: தண்ணீரில் மங்கிக் கிடந்தது சவ்வுக்குள் போனதும் பச்சையாகப் பளிச்சிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் சற்று மாறுவதை வைத்து அந்தப் பொருளை அடையாளம் காணும் ராமன் முறையும் உண்டு. ஆனால் குர்க்குமின் தானே ஒளிர்வதால் ராமன் ஒளி அதில் மூழ்கிவிடும். அகச்சிவப்பு லேசர் வைத்துச் சமாளிப்பார்கள். அதைக் கண்டுபிடித்த சி.வி. ராமன் 1888இல் பிறந்தது நம் திருவானைக்காவலில் என்று ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

இப்போது மாத்திரை. கண்ணாடிக் குழாயில் நான் பார்ப்பதை அப்பாவின் முழங்காலுக்குப் பொருத்த முடியாது. விழுங்கும் குர்க்குமினில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகவும் கொஞ்சம்; குடலும் கல்லீரலும் மாற்றி வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுவதைக் குறைக்க, மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அது வேறு சில மருந்துகளையும் ரத்தத்தில் அதிகமாக ஏற்றிவிடக்கூடும். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். விளம்பரத்தைப் பார்த்து வாங்கிவிடாதே. டப்பாவின் படத்தை டாக்டரிடம் காட்டிக் கேள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

டாக்டர் சொன்னதை ஞாயிறு ராத்திரி ஃபோனில் சொல். இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, உன் நேரப்படி எட்டுக்குள் கூப்பிடு.

அன்புடன்,
உன் மகள்