மண்ணெண்ணெய் விலையைச் சொன்னீர்கள், காற்றின் விலையையும் சொல்லுங்கள்
மின்சக்தி, வலுசக்தி அமைச்சருக்கு மன்னாரிலிருந்து ஒரு திறந்த மடல்

ஆகஸ்ட் 2022

கௌரவ அமைச்சர் அவர்களே,

வணக்கம். ஆகஸ்ட் 21 நள்ளிரவு முதல் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 253 ரூபாய் கூடியிருக்கிறது. 87 ரூபாயாக இருந்தது 340 ரூபாய். இத்தனை காலமும் நட்டத்துக்கு விற்றோம் என்கிறீர்கள். நாட்டில் டொலர் இல்லை என்பதும், மசகெண்ணெய் இல்லாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மூடிக்கிடந்ததும் எங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி வாதாட நான் வரவில்லை.

இந்த அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்புதான், மன்னாரில் 286 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட் காற்றாலைத் திட்டங்களுக்காக இந்தியாவின் அதானி கிரீன் எனர்ஜி நிறுவனத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கப்பட்டுள்ளதாகத் தாங்களே அறிவித்தீர்கள். அந்த மின்சாரத்தை ஓர் அலகு என்ன விலைக்கு நாடு வாங்கப்போகிறது? இரண்டும் ஒரே அமைச்சின் காரியம். ஒன்றின் விலை ஒரே இரவில் நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. மற்றதன் விலையை யாரிடம் கேட்பது?

எங்களுடையது சிறிய கண்ணாடியிழைப் படகு. வெளியிணைப்பு இயந்திரத்தைப் பெற்றோலில் இழுத்து இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரைக்குத் திரும்பும்போது மறுபடியும் கொஞ்சம் பெற்றோல் ஓடவேண்டும். இல்லையென்றால் மறுநாள் விடியற்காலையில் கை ஓயக் கயிற்றை இழுத்தாலும் இயந்திரம் பிடிக்காது. ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் மண்ணெண்ணெய் என்றால் முன்பு 2,175 ரூபாய், இன்று 8,500 ரூபாய். மீனை விற்ற காசில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, மிச்சத்தைத்தான் பங்கு பிரிப்போம். முன்பெல்லாம் மீன் சரியாகப் படாத நாளிலும் கறிக்கு நாலு மீனும் கையில் கொஞ்சம் காசும் வீட்டுக்குப் போகும். இப்போது பிரிப்பதற்குக் கடன்தான் இருக்கிறது. துடுப்பு வலித்துப் போகிற தூரத்திலேயே வலையைப் போடுவோம் என்கிறார் கூட வரும் மச்சான். கரையிலுள்ள எல்லாப் படகும் அங்கேயே வலை போட்டால் யாருக்கு என்ன மீன் கிடைக்கும்? மீன் நிற்கிற இடத்துக்கு மறுகரையான இந்தியாவிலிருந்து இழுவைப் படகுகள் வந்துவிடுகின்றன. அது கடற்றொழில் அமைச்சருக்கு எழுத வேண்டிய மடல், இங்கே விட்டுவிடுகிறேன்.

விலையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜூன் 9ஆம் திகதி மின்சாரச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. போட்டி விலைமனு கோராமலே இத்தகைய திட்டங்களைக் கொடுக்க அது வழி விட்டது. மறுநாளே, அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவான கோப் குழுவின் முன்னால் மின்சார சபைத் தலைவர், இத்திட்டத்தை அதானிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுப்பதாக அப்போதைய ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்றார். ஜனாதிபதி மறுத்தார். தலைவரும் தமது சொல்லை மீளப்பெற்று, சில நாட்களில் பதவி விலகினார். யார் சொன்னது உண்மையென்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் விலையும் நிபந்தனைகளும் மேசைமீது இருந்திருந்தால் இந்தச் சந்தேகம் எங்கிருந்து வரும்? கடந்த ஆண்டு யுகதனவி மின்நிலையத்தின் 40 சதவீதப் பங்கை அமெரிக்க நிறுவனமொன்றுக்குக் கொடுத்தபோது, அமைச்சரவையில் இருந்தவர்களே பகிரங்கமாக எதிர்த்தார்கள். அமைச்சர்களுக்கே நம்பிக்கை வராத ஒப்பந்தங்களைக் கடற்றொழிலாளி மட்டும் நம்பவேண்டுமாம்.

காற்றாலையே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகள் எங்கள் தீவில்தான் சுழல்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் கடன் வாங்கிக் கட்டியது என்றாலும் அது மின்சார சபையின் சொத்து. புதியது யாருடைய சொத்து, எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு?

இப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிறது. எங்களைக் கடலுக்கு விடாமல் கரையில் உட்கார்த்தி வைக்கும் காற்றும் இதுதான், நீங்கள் விலை பேசும் காற்றும் இதுதான். எங்கள் வாகனங்களுக்கு எரிபொருள் வாங்க கியூஆர் அட்டை, வாராந்தப் பங்கீடு எல்லாம் உண்டு. காற்றை வாங்குகிறவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது போலும். கொடுத்து வைத்தவர்.

மன்னிக்கவேண்டும், மரியாதையாகக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த அனுமதிக் கடிதத்தையும், பேசப்படும் அலகு விலையையும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். ஒப்பந்தம் கையொப்பமாவதற்கு முன்னர் வையுங்கள். மன்னாரிலும் பூநகரியிலும் உள்ளவர்கள் படிக்கும்படி தமிழிலும் வெளியிடுங்கள். மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் 340 ரூபாயில் இறக்குமதிச் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனுக்குப் போவது எவ்வளவு என்றும் பிரித்துக் காட்டுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் கடற்றொழிலுக்கும் தோட்டத்துறைக்கும் நேரடிப் பண உதவி கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது எந்தத் திகதியில், எவ்வளவு, எந்தச் சங்கத்தின் வழியாகக் கிடைக்கும் என்பதையும் தயவுசெய்து அறியத் தாருங்கள். விலையேற்றம் மட்டும் உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இப்படிக்கு,
மன்னார்த் தீவின் கடற்றொழிலாளி ஒருவர்