பதநீருக்கு ஒரு வரிதானா?

ஐயா,

உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண் என்பதால் 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமன் முதலில் இடம் மறுத்தது, இவர் விடாப்பிடியாக நின்று சேர்ந்தது, 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றது எல்லாம் விரிவாக இருந்தன. சரி, பதநீரின் சத்துகளை அவர் ஆராய்ந்ததற்கு மட்டும் ஒரே ஒரு வரியா? குடியரசுத் தலைவர் விருது கிடைத்ததே அந்த வேலைக்குத்தானே!

சேலத்துக்காரனான எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. ஓமலூர் பக்கம் பனையேறும் பெரியவர் ஒருவர், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்று எனக்கு விளக்கியிருக்கிறார். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர், சொன்னதென்னவோ உயிர்வேதியியல்தான். மாவட்டப் பள்ளி அறிவியல் கண்காட்சியில், பதநீரையும் கள்ளாகப் புளித்ததையும் லிட்மஸ் தாளில் மாணவர்களே சோதித்துப் பார்க்க கமலா சோஹோனி பெயரில் ஒரு மேசை போடலாம். பங்குனியில் நடத்தினால் பதநீருக்கும் பஞ்சமிருக்காது.

– ஒரு வாசகர், சேலம்