காந்த மெத்தைக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் உங்கள் நாளிதழுக்குள் செருகி வந்த ஒரு நோட்டீஸ் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் காந்த மெத்தையில் இலவசமாகப் படுத்துப் பார்க்கலாம், மூட்டுவலி, இடுப்புவலி எல்லாம் பறந்துவிடும் என்று போட்டிருந்தது. கடைசி வரியில் சர்க்கரையும் பிரஷரும் வேறு. செருகியது ஏஜென்ட் என்று எனக்குத் தெரியும். தெருவில் பலர் பேப்பரே சொன்னதாக நம்பிப் போனார்கள்.

நான் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவன். காந்தத்தோடுதான் பிழைப்பு, அதனால் நானும் போனேன். "ரத்தத்துல இரும்பு இருக்குங்கய்யா, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும்" என்றார் அங்கிருந்த தம்பி. இரும்பு இருக்கிறது, சரி. ஆனால் அது ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடக்கும் இரும்பு, இரும்புத்தூள் மாதிரி காந்தத்தைப் பார்த்து ஓடி வராது. எம்.ஆர்.ஐ. மெஷின் பலவற்றில் காந்தத்தின் வலு 1.5 டெஸ்லா, எங்கள் கணக்கில் 15,000 காஸ். அதற்குள் படுத்து எழுந்தவர் யாருக்கும் ரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கியதில்லை.

அவர்கள் விற்ற இடுப்பு பெல்ட்டை வாங்கிப் பார்த்தேன். வடக்கும் தெற்கும் மாறி மாறி வரும் ரப்பர் காந்தம். இந்த வகையில் காந்தப்புலம் பக்கத்துத் துருவத்துக்கே வளைந்துபோகும், தூரம் எட்டாது. குண்டூசியை நேராக வைத்தேன், ஒட்டியது. கைக்குட்டையை மடித்து நடுவில் கொடுத்ததும் ஊசி விழுந்துவிட்டது. இது தோல், கொழுப்பு, தசை எல்லாம் தாண்டி முதுகெலும்புக்கு எப்படிப் போகும் என்று கேட்டேன். தம்பி மாதத் தவணை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

படுத்து எழுந்தவர்களில் சிலர் வலி குறைந்தது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூட்டுவலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எதையாவது தேடி ஓடுகிறோம், அப்புறம் அது தானாகவே இறங்கும்போது கடைசியாகச் செய்ததற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாதம் உள்ள 70 பேருக்கு காந்தப் பட்டை, காந்தம் நீக்கிய பட்டை, செப்புக் காப்பு என்று மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிசியோதெரபி படித்த என் மருமகன் இதை எடுத்துக் காட்டினார்.

சரி, பணம் அவரவருடையது. என்னை எழுத வைத்தது வேறு விஷயம். எதிர்வீட்டு அக்காவுக்கு நெஞ்சில், இதயத்துடிப்பைச் சரியாக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறது. தோள்வலி என்று சொன்னதும் இடது தோளில் ஒரு பட்டையைச் சுற்றிவிட்டார்கள். அதில் இருந்தது ரப்பர் காந்தம் இல்லை, அதைவிட வலு மிகுந்த நியோடிமியம் காந்த வில்லைகள். கை வைத்ததுமே எனக்குத் தெரிந்தது, கழற்றச் சொன்னேன். பேஸ்மேக்கர் காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியிலேயே இருப்பது. பக்கத்தில் காந்தம் வந்தால் உணர்கிற ஒரு சுவிட்ச் அதற்குள் உண்டு, அதற்குச் சுமார் 10 காஸ் போதும். காந்தம் பட்டதும் அது ஒரே வேகத்தில் துடிக்கும் முறைக்கு மாறிவிடும், எடுத்தால் பழையபடி ஆகும். டாக்டர்களே சோதனைக்கு இப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஆபத்து நேரத்தில் ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி வைத்தவர்களுக்கு, காந்தம் அருகில் இருக்கும் வரை அந்த ஷாக் வராமலே போகலாம். காந்தத்தை 15 செ.மீ. தள்ளியே வைக்கச் சொல்கிறார்கள். வலியை ஆற்ற வலுவில்லாத காந்தத்துக்கு இதற்கு மட்டும் வலு உண்டு.

மண்டபத்தில் பெயர், வயது, போன் நம்பர், மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்பது வரை எழுதி வாங்கினார்கள். நெஞ்சில் கருவி ஏதாவது இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் யாரையும் படுக்க வைக்கக் கூடாது. நோட்டீஸிலும் பெரிய எழுத்தில் போட வேண்டும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. செருகுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்க்கும்படி உங்கள் ஏஜென்டுகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த முகாம் பக்கத்து ஊரில் என்று பேனர் கட்டியிருக்கிறார்கள், சுகாதாரத்துறையிலிருந்து யாராவது ஒருவர் போய்ப் பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு ஸ்பீக்கர் மெக்கானிக்,
தேனி மாவட்டம்