மொத்தத் தொகை போதாது, அளவையும் விகிதத்தையும் வெளியிடுங்கள்

குறைந்த விலை வீடுகளுக்குப் பொதுப்பணம் செலவிடும் துறைகளின் செயலர்களுக்கும் கணக்கு அலுவலர்களுக்கும்,

வணக்கம். எத்தனை வீடு, எவ்வளவு பணம் என்று ஆண்டறிக்கையில் சொல்கிறீர்கள். அந்த இரண்டு எண்களை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. நிலத்தின் விலை அதில் அடக்கமா, சாலையும் கழிவுநீர்க் குழாயும் அடக்கமா, பரப்பளவு சுவருக்கு உள்ளே அளந்ததா வெளியே அளந்ததா என்று தெரியாமல் ஒரு வீட்டின் சராசரிச் செலவைப் பேசிப் பயனில்லை.

டெண்டர் திறக்கும் நாளில் எல்லார் கண்ணும் அங்கே இருக்கும். கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். மண் தோண்ட உயர்ந்த விகிதம் (ஓர் அலகு வேலைக்கான விலை), அளவு குறையப்போகும் வேலைகளுக்கு அடிமாட்டு விகிதம் என்று போட்டு, மொத்தத்தில் குறைந்த தொகை காட்டி ஒருவர் வேலையை எடுத்துவிடலாம். பிறகு அஸ்திவாரக் குழியின் ஆழம் 0.9 மீட்டரிலிருந்து 1.5 மீட்டராகிறது. நீள அகலம் மாறாமலே தோண்டும் மண் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். பில்லும் அதே உயர்ந்த விகிதத்தில் ஏறும். கான்கிரீட் போட்டு மூடியபின் ஆழத்தை யார் அளப்பது? மண் உண்மையிலேயே இளகலாக இருந்திருக்கலாம். அப்படியானால் மண் பரிசோதனை அறிக்கை, மூடுமுன் அளவுகோல் வைத்து எடுத்த படம், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம் மூன்றும் கையில் இருக்கும். கூடுதல் வேலைக்கான ஆணையோடு அவற்றையும் வெளியிடுங்கள்.

ஒவ்வொரு பணிக்கும் மதிப்பீடு முதல் இறுதி பில் வரை ஒரே அடையாள எண் வேண்டும். அரசு ஒப்பந்தத் தகவலை வெளியிடுவதற்கென 2014-இல் வெளிவந்த திறந்த ஒப்பந்தத் தரவுத் தரநிலை (Open Contracting Data Standard) இதைத்தான் செய்கிறது: திட்டமிடல், டெண்டர், தேர்வு, ஒப்பந்தம், நிறைவேற்றம் என ஐந்து கட்டங்களையும் ஒரே எண்ணில் கோக்கிறது. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் மற்ற நான்கும் வீண்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம். வேலைவாரியாக அளவு, அலகு, விகிதம், தொகை உள்ள சிஎஸ்வி கோப்பு (கணினியில் அட்டவணையாகத் திறந்து கணக்கிடக்கூடியது) போதும். திருத்தினால் பழைய கோப்பை அழிக்காமல் தேதியிட்டு வைத்திருங்கள். சந்தை விலைக்குக் கீழே கொடுத்த நிலமும் விட்டுக்கொடுத்த வரியும் செலவுதான், அவையும் கணக்கில் வரட்டும். பயனாளிகளைத் தேர்ந்தெடுத்த விதிகளும் மதிப்பெண் முறையும் பொதுவில் இருக்கட்டும். அவர்களின் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் ஒருபோதும் வெளியே வரக்கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. இப்போது நடந்துகொண்டிருக்கும் பணிகளின் கூடுதல் வேலை ஆணைகளிலிருந்து தொடங்குங்கள். முடிந்துபோன பணிகளின் கணக்கு பிறகு வரலாம். மூடப்படாத குழிகளை மட்டும் இன்றே அளந்துவிடலாம்.