அந்த ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு போ

அன்புள்ள பாப்பா,

இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை மனசுக்குள்ளேயே எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போன் எடுக்கும் நேரத்தில் சின்னவன் மடியில் ஏறியிருப்பான், பெரியவள் பக்கத்தில் ஹோம்வொர்க் வைத்துக்கொண்டு காதைத் தீட்டியிருப்பாள். இது அவர்கள் காதில் விழ வேண்டிய பேச்சில்லை. அதுவும் போக, சில விஷயங்களை எனக்கு வாயால் சொல்ல வராது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய் அல்லவா, கோடை லீவுக்குச் சம்பந்தி இரண்டு பேரும் வரும்போது அவர்களையும் அதே டிஸ்னி கப்பலில் கூட்டிப் போவதாக. சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "இந்தத் தடவை பாலோ கீலோன்னு எதுவும் புக் பண்ணலம்மா, பசங்களோடவே இருந்துக்கறோம்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, மாவு புளிக்கவில்லை என்று வேறு கதைக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ பேசிய எதுவும் என் மனசில் ஏறவில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சொன்ன பேச்சிலிருந்து வந்தது.

போன வருஷம் கப்பல் ஏறிய இரண்டாம் நாள் சாயங்காலம். பஹாமாஸ் தலைநகர் நசாவில் இறங்கி வெயிலில் சுற்றிவிட்டு வந்திருந்தோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பாலோவுக்குக் கிளம்பினீர்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமான ஓட்டல் அது, முன்கூட்டியே புக் பண்ணினால்தான் இடம் கிடைக்கும் என்று மாப்பிள்ளை முதல் நாளே சொல்லியிருந்தார். உன் கல்யாணத்துக்கு நான் செய்து போட்ட கல் ஜிமிக்கியை நீ அன்றைக்குத்தான் போட்டிருந்தாய். எத்தனை வருஷம் கழித்து அதை உன் காதில் பார்க்கிறேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொன்னது என்ன? "ரெண்டு பிள்ளைகளையும் யாரோ கையில குடுத்துட்டு அப்படி என்னடி தனியாச் சாப்பாடு? நான் உங்களை அப்படியா வளர்த்தேன்?"

நீ பதில் பேசவில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஜிமிக்கியை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். திருகாணியை மறுபடி அதிலேயே முடுக்கி, சிவப்பு டப்பாவுக்குள் வைத்து மூடினாய். மூடும்போது டப்பென்று ஒரு சத்தம். மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். எல்லோருமாக வழக்கமான டைனிங் ஹாலுக்கே போனோம். நம் மேஜைக்குப் பரிமாறும் பையன் எனக்காகச் சமையல்கட்டில் சொல்லி வைத்திருந்த பருப்பும் சாதமும் வந்தது. நான் சாப்பிட்டேன். நீ தட்டில் கிண்டிக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு ராத்திரி அழுதது யார், நினைவிருக்கிறதா? சின்னவன்தான். கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கிளப்புக்குப் போக முடியவில்லையே என்று அழுதான். அந்தப் பெரிய ஹாலிலிருந்து சறுக்குமரத்தில் வழுக்கினால் நேரே கிளப்புக்குள்ளே போய் விழலாம் என்பது அவனுக்கு உலக அதிசயம். உள்ளே போனதும் கை கழுவும் மெஷின் வேறு. இரண்டு ஓட்டைக்குள் இரண்டு கையையும் விட்டால் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சுகிறது. ஒரு தடவை கழுவியவன் மறுபடியும் வரிசையில் போய் நின்றான். வீட்டில் கை கழுவச் சொன்னால் ஓடி ஒளிகிற பிள்ளை அவன்! "யாரோ கையில" என்றேனே, அந்த யாரோவையும் அடுத்த நாள் பார்த்தேன். அவனைக் கூப்பிட்டு வர நான் மட்டும் போனபோது, நீங்கள் கொடுத்து வைத்திருந்த ரகசியச் சொல்லை நான் சொல்லும் வரை அந்தப் பெண் அவனை வெளியே விடவில்லை. நான் அவனுடைய பாட்டி என்று எத்தனை தடவை சொன்னாலும் சிரித்த முகமாக நின்றாளே தவிர, வழி விடவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சரி, மறுநாள் கப்பல் போய் நின்ற தீவின் கதைக்கு வருகிறேன். எனக்கு எல்லாம் புரிந்தது அங்கேதான்.

காஸ்ட்அவே கே என்று இப்போது சொல்கிறார்கள், பழைய பெயர் கோர்டா கே என்று மாப்பிள்ளை சொன்னார். பஹாமாஸைச் சேர்ந்த சின்னத் தீவு. 1998-லிருந்து டிஸ்னி கப்பல்கள் அங்கே போய் நிற்கின்றன. படகுக்கு மாறாமல் கப்பலிலிருந்தே நேராகக் கரையில் கால் வைக்கலாம் என்பதில் என் முழங்காலுக்கு எத்தனை நிம்மதி. இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே குட்டித் தபால் ஆபீஸ். முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் முத்திரை குத்திய மனுஷர் சும்மா விடுவாரா? அப்பா கையிலிருந்த டாலரை எண்ணிக் கொடுத்து பஹாமாஸ் ஸ்டாம்பு வாங்கி, நம் மயிலாடுதுறை வீட்டு விலாசத்துக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டார்.

அப்புறம் நீதான் எங்கள் இரண்டு பேரையும் டிராமில் ஏற்றிவிட்டாய். "அந்தப் பக்கம் அமைதியா இருக்கும், பெரியவங்களுக்கு மட்டும்தான், நீங்களாவது போய் உட்கார்ந்துட்டு வாங்க" என்றாய். அந்த "நீங்களாவது" அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது தினமும் உறைக்கிறது.

டிராம் போன பாதை கோடு கிழித்தாற்போல் நேராக இருந்தது. அது பழைய விமான ஓடுபாதை, ஒரு காலத்தில் போதைப்பொருள் கடத்துகிறவர்கள் விமானத்தைக் கொண்டு வந்து இறக்கின இடம் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே குஷி. இறங்கிய இடத்தில் செரினிட்டி பே என்று போட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பனை விட உயரமாக ஒரு பையன், மீசை அரும்பியிருந்தது. வயது கேட்டார்கள். பதினேழு. மரியாதையாகப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் "வந்தது வந்தோம், பத்து நிமிஷம்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷம் மூன்று மணி நேரமாகிவிட்டது, பாப்பா.

ஒரு குடை, சாய்ந்து படுக்கிற நாற்காலி இரண்டு. கண்ணாடி போல் தண்ணீர். அலை என்று சொல்லவே முடியாது, கரையை நக்கிவிட்டுப் போகிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு முதல் அரை மணி நேரம் கை பரபரத்துக்கொண்டே இருந்தது. எதையாவது மடிக்கணும், யாருக்காவது ஊட்டணும், யார் தண்ணீர்ப் பக்கம் போகிறார்கள் என்று பார்க்கணும். பையைத் திறந்து திறந்து மூடினேன். ஒரு வேலையும் இல்லை. சாப்பாடும் அந்தப் பக்கமே போட்டிருந்தார்கள், அதற்காகக்கூடத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

அப்போது அப்பா கடலைப் பார்த்தபடியே, "தரங்கம்பாடி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

உனக்கு இந்தக் கதை தெரியாது. 1984-இல் கல்யாணம் முடிந்து இரண்டாவது மாதம் அப்பா என்னைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான். டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று. கூடத்தில் பாட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறார். "போறதுதான் போறே, உன் தங்கச்சிகளையும் கூட்டிட்டுப் போ" என்று பாட்டி சொல்லிவிட்டார்கள். அத்தைகள் என்றால் அவர்கள் பிள்ளைகளும். கடைசியில் வேனில் ஒன்பது பேர் போனோம். எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் புளியோதரை அடுக்கு, எண்ணெய் ஒழுகிய துணிப்பை, இடுப்பில் உன் பெரிய அத்தையின் பையன். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எல்லோருக்கும் இலை போட்டேன். போய் வந்தேன் என்று பெயர், கடலை நான் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. "நீ அன்னிக்குக் கடலைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்துட்டே இருந்தேன். அப்புறம் கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சேன், போகவே இல்லை" என்றார். நாற்பது வருஷம் இதை உள்ளே வைத்திருந்திருக்கிறார். வீட்டில் சொல்ல எங்கே இடம்? எங்கள் அறைக்குக் கதவு இருந்தது, சாத்தியது கிடையாது. சாத்தினால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். முதலில் மாமியார், நாத்தனார்கள், பிறகு பிரசவத்துக்கு வந்தவர்கள், பிறகு நீ, தம்பி. நாங்கள் பேசியதெல்லாம் கேஸ் புக் பண்ணியாச்சா, ஃபீஸ் கட்டியாச்சா என்பதுதான். அது பாசமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அறுபத்து மூன்று வயதில் கிடைத்த மூன்று மணி நேரத்தை உன் முப்பத்தாறு வயதில் உன்னிடமிருந்து பிடுங்கினேன். அதுவும் முந்தின நாள்தான்.

தீவிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் நீ மணலில் முழங்கால் வரை புதைந்து கிடந்தாய், பிள்ளைகள் உன் மேல் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்தாய். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

நான் இப்படிச் சொல்வதால் எல்லா இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நல்லது என்கிறேன் என்று நினைக்காதே. தம்பி குடும்பத்தோடு கேரளாவில் ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். நிழலான பெரிய நீச்சல்குளத்தில் "பெரியவர்களுக்கு மட்டும்" என்று போர்டு. பிள்ளைகளுக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால், கொதிக்கிற வெயிலில், கணுக்கால் அளவுத் தண்ணீர். அதைப் பார்த்து வயிறு எரிந்தது. பிள்ளைகள் பங்கைப் பிடுங்கிப் பெரியவர்களுக்குக் கொடுக்கிற ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் ஆகாது. தீவில் அப்படி இல்லை. குடும்பங்களுக்கான கடற்கரைதான் பெரியது, தண்ணீரின் நடுவே சறுக்குமரமும் அவர்கள் பக்கம்தான். பெரியவர்களுக்குத் தள்ளி ஒரு மூலை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு எதுவும் குறையவில்லை என்பதைக் கண்ணால் பார்த்ததால்தான் என் மனசு ஒப்பியது. மாப்பிள்ளை சொன்னதும் ஞாபகம் வருகிறது. ராயல் கரீபியன் கப்பல்களில் சொலாரியம் என்று பெரியவர்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் பதினாறு வயதிலேயே விடுவார்களாம், கார்னிவல் கப்பல்களில் அதே மாதிரி இடத்துக்கு இருபத்தொன்று ஆக வேண்டுமாம். வயதை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பதினேழு வயதுப் பையனின் முகம் மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது நான் கேட்பது இதுதான். மாப்பிள்ளையிடம் சொல்லிப் பாலோவுக்கு உடனே புக் பண்ணச் சொல். தீவில் இறங்கும் அன்றைக்கு மத்தியானம் வரையாவது நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போங்கள். கப்பலின் பின்பக்கம் பெரியவர்களுக்கென்று ஒரு குளம் இருந்ததே, கொயட் கோவ், அங்கேயும் ஒரு சாயங்காலம். சின்னவனைக் கிளப்பில் விடு, அவன் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். பெரியவளுக்கு ஏழு வயது, அவளிடம் ஒளிக்காதே. "அம்மாவும் அப்பாவும் கொஞ்ச நேரம் பேசிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டே போ. போன இடத்தில் போனை எடுத்து வைத்துக்கொள்ளாதே, அங்கே நிறையப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் ஸ்கூலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காதே.

சம்பந்தியம்மா ஏதாவது சொல்வார்களோ என்று நீ தயங்குவாய். அவர்களுக்கு நானே போன் பண்ணப் போகிறேன். இரண்டு பேரையும் ஒரு நாள் அந்தக் கடற்கரைக்கு அனுப்பிவை. அதற்கப்புறம் அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அப்பா போட்ட கார்டு பல வாரம் கழித்து வந்து சேர்ந்தது. முத்திரை கொஞ்சம்கூட அழியாமல் விழுந்திருக்கிறது என்று போஸ்ட்மேனிடமே காட்டினார். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "இன்று இருவரும் கடல் பார்க்கப் போகிறோம்" என்று ஒரு வரி. சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சின்னவனுக்குச் சளி விட்டதா? தைலத்தை நெஞ்சில் தேய், மூக்கில் வேண்டாம். முறுக்கும் பருப்புப்பொடியும் தம்பியின் சிநேகிதன் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். அந்த ஜிமிக்கியில் இடது பக்கத் திருகாணி லூஸாக இருந்தது, போட்டுக்கொள்வதற்கு முன்னால் சரி பார்த்துக்கொள். பாலோவுக்குக் கிளம்பும்போது போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா