முன்னாள் படைவீரர்களின் வீட்டு வண்டிப் பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பணியாற்றிய முகாம்களை மறுபடி பார்க்க, ஓய்வுபெற்ற வீரர்கள் துணைவியோடு மோட்டார் ஹோம் எனும் வீட்டு வண்டியில் கிளம்புவது நல்ல விஷயம். கிளம்பும் முன் வண்டியின் டயரைப் பாருங்கள். இத்தகைய வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். அதனால் டயரின் மேற்பரப்பிலுள்ள பட்டன் தேயாமலே ரப்பர் வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஏழு ஆண்டு கடந்த டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

தண்ணீர், எரிபொருள், சாமான் எல்லாம் நிரப்பிய பிறகே எடைமேடையில் ஏற்றி, ஒவ்வொரு சக்கர அச்சின் எடையையும் தனித்தனியே பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ. காற்றழுத்தத்தை அந்த எடைக்கேற்ப, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

பலர் தவறுவது கழிப்பறைத் தொட்டியில்தான். அதன் வால்வைத் திறந்தே விட்டால் நீர் ஓடிவிடும், திடக்கழிவு அடியில் இறுகிவிடும். மூடியே வைத்து, முக்கால் நிரம்பியதும் திறந்துவிடுங்கள். அதன்பின் குளியல், சமையல் கழிவுநீரை விட்டால் குழாயும் கழுவப்படும். காலித் தொட்டியில் சில லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டே மீண்டும் பயன்படுத்துங்கள்.

உறைபனிப் பகுதி முகாம்களுக்குப் போனால் அடுப்புக்குப் புரோப்பேன் எரிவாயு வேண்டும். பியூட்டேன் எரிவாயு 0 டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும், அடுப்பு எரியாது.

முகாமுக்குள் நுழைய முன்னாள் வீரர் என்பது மட்டும் போதாது. எழுத்துமூல அனுமதியை முன்பே கேளுங்கள். எரிவாயு உருளை உள்ள வண்டி என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்